ஒழுகிய வீட்டைச் சரி செய்தவர் தலையில் ரூ.42 ஆயிரம் வாடகை பாக்கி!

"வாடகையில் கழிச்சுக்கலாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பிய கொத்தனாரின் கதி

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை. 2025 மே மாதம் ஒரு நாள் காலை 8 மணி. ஒரு வீட்டு மொட்டை மாடியில் "ணங், ணங்" என்று சத்தம். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணாந்து பார்த்தால், கையில் கடப்பாறையோடு ஒருவர் தளத்து ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு இருக்கிறார்.

"நான் போட்ட தளம். நானே பேத்து எடுத்துனு போறேன். எவன் கேக்குறது?" என்று மேலே இருந்து கத்தினார்.

அவர் திருடரும் அல்ல. குடித்துவிட்டு வந்தவரும் அல்ல. அதே வீட்டில் 6 வருஷமாகக் குடியிருப்பவர். தொழில் கொத்தனார். வயது 45. மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளும் கீழே நின்று அழுதுகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 100-க்குப் போன் செய்தார். போலீசார் வந்து கொத்தனாரைச் சமாதானப்படுத்திக் கீழே இறக்கி, ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெரியவர் சொன்ன வார்த்தை

அது பழைய காலத்து "மெட்ராஸ் டெரஸ்" வீடு. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு பதித்த தளம். அந்தக் காலத்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் கலந்து கெட்டித்த சுண்ணாம்பு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் நிற்கும். பார்த்துக்கொள்ளாவிட்டால் ஒரு மழையில் ஆளைக் காட்டிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது அந்த வீட்டின் தளம் ஒழுகியது. சமையல்கட்டில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்தார்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகம் நனைந்துவிட்டது.

வீட்டுக்காரர் 70 வயதைத் தாண்டிய பெரியவர். மனைவி இல்லை. அடுத்த தெருவில் தங்கை வீட்டில் இருந்தார். கொத்தனார் போய்ச் சொன்னதும் வந்து பார்த்தார். "எங்கிட்ட இப்ப காசு இல்லப்பா. நீ தொழில் தெரிஞ்சவன். நீயே போட்டுக்கோ. வாடகையில கழிச்சுக்கலாம். மாசம் 5 ஆயிரம் குடு, போதும்" என்றார்.

அப்போது வாடகை 8 ஆயிரம். ஆக, மாசம் 3 ஆயிரம் கழிவு. ஒரு துண்டுக் காகிதத்தில் கூட யாரும் எழுதவில்லை. பெரியவர் நல்லவர். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர். அவரிடம் போய் "எழுதிக் குடுங்க ஐயா" என்று எப்படிக் கேட்பது?

2024 பிப்ரவரியில், வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலை நடந்தது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து, புதுசாக ஜல்லி போட்டு, ஓடு பதித்தார்கள். உளுத்துப்போன ஒரு கட்டையையும் மாற்றினார்கள். ஓதம் ஏறிய சுவரைக் கொத்திவிட்டுப் பூசினார்கள். சாமானுக்கு மட்டும் 46 ஆயிரம் ரூபாய். கொத்தனார் 16 நாள் வெளி வேலைக்குப் போகாமல் மாடியிலேயே கிடந்தார். சித்தாள், அவருடைய மனைவி. கூலி இல்லாத சித்தாள்!

அடுத்த மாசம் முதல் 5 ஆயிரம் கொடுத்தார். பெரியவர் தன் நோட்டில் "5,000 வரவு" என்று எழுதிக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை. 14 மாசம் இப்படியே ஓடியது.

2025 ஏப்ரலில் பெரியவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

மகன் போட்ட கணக்கு

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வந்தார். காரியம் முடிந்தது. அப்பாவின் நோட்டைப் புரட்டினார். 2024 பிப்ரவரி வரை மாசம் 8 ஆயிரம் வரவு. மார்ச்சில் இருந்து 5 ஆயிரம். மகன் கணக்குப் போட்டார். மாசம் 3 ஆயிரம் குறைவு. 14 மாசத்துக்கு 42 ஆயிரம் பாக்கி. கொத்தனார் கொடுத்திருந்த அட்வான்ஸ் 40 ஆயிரம்.

"அட்வான்ஸ் கழிஞ்சுபோச்சு. இன்னும் 2 ஆயிரம் நீங்கதான் தரணும். ஒரு மாசத்துல வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலைதான் கொத்தனார் கடப்பாறையை எடுத்தது.

நான் மகனிடமும் பேசினேன். முரடர் அல்ல. "அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சார். நோட்டுல இருக்கறதை வெச்சுத்தானே நான் பேச முடியும்? நாளைக்கு இன்னொருத்தர் வந்து, உங்கப்பா எனக்கு ஒரு லட்சம் தரணும்னா குடுத்துட முடியுமா?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

ஸ்டேஷனில் அதிகாரி இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "கொடுக்கல் வாங்கல் எல்லாம் சிவில் விவகாரம். அதுக்கு கோர்ட்டுக்குப் போங்க. ஆனா கடப்பாறையைத் தூக்கினா அது எங்க விவகாரம். சொத்தைச் சேதப்படுத்தினதுக்கு கேஸ் போட வேண்டி வரும்" என்றார். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினார்கள்.

46 ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போட்டவர் கடன்காரர். அந்தத் தளத்துக்குக் கீழே ஒரு சொட்டு ஒழுகாமல் இருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் கடன் கொடுத்தவர். இந்தத் தலைகீழ்க் கணக்கு எப்படி வந்தது? இது ஒரு வண்ணாரப்பேட்டை வீட்டுக் கதை மட்டும் அல்ல. திருவல்லிக்கேணி, புதுப்பேட்டை, பெரம்பூர், சைதாப்பேட்டை என்று பழைய வீடுகள் இருக்கும் எந்தத் தெருவுக்கும் போய்க் கேளுங்கள். "நீயே பார்த்துக்கோ, வாடகையில கழிச்சுக்கலாம்" என்ற பேச்சு ஒரு வீட்டிலாவது இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் சரி, 2023 புயலுக்குப் பிறகும் சரி, இந்தப் பேச்சு அதிகம்.

இரண்டு பேருக்கும் லாபம்தான், ஆனால்...

இந்த ஏற்பாடே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்காரர் கையில் மொத்தப் பணம் இருக்காது. பல பேருக்கு அந்த வாடகைதான் பென்ஷன். 2022-ல் சொத்து வரியை வேறு ஏற்றினார்கள். குடியிருப்பவர் பெயிண்டராகவோ, பிளம்பராகவோ, எலக்ட்ரீஷியனாகவோ, கொத்தனாராகவோ இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்; சுத்தமாகவும் இருக்கும். தான் குடியிருக்கும் வீட்டில் யாராவது ஏமாற்று வேலை செய்வார்களா?

ஆனால் வேலை சுவரிலே நிற்கிறது. கழிவு வாயிலே நிற்கிறது. சுவர் வீட்டுக்காரருடையது. வாய் போய்விட்டால் கழிவும் போச்சு. வீட்டுக்காரர் இறந்தாலும், வீட்டை விற்றாலும், பாகப்பிரிவினை ஆனாலும், சாதாரணமாக ஒரு சண்டை வந்தாலும் மிஞ்சுவது நோட்டில் உள்ள குறைந்த தொகைதான். குறைந்த தொகைக்கு வெளி ஆள் வைக்கும் பெயர் "பாக்கி".

இன்னொன்று, கூலி. சாமானுக்குக் கடையில் பில் தருவார்கள். சொந்த உழைப்புக்கு யார் பில் தருவது? இன்றைக்குச் சென்னையில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கொத்தனார் கிடைப்பது அபூர்வம். 16 நாளைக்குக் குறைந்தது 16 ஆயிரம். மனைவியின் சித்தாள் கூலி தனி. இதை வண்ணாரப்பேட்டைக் கொத்தனாரே கணக்கில் சேர்க்கவில்லை. நான் கேட்டபோது, "நம்ம வீட்டு வேலைக்கு நாமளே எப்டி சார் கூலி கேக்குறது?" என்றார். நம்ம வீடு! அந்த நினைப்புதான் அவரைக் கவிழ்த்தது.

மூன்றாவது விஷயம் இன்னும் கொடுமை. வீடு நன்றாக ஆனால் வாடகை ஏறும். ஒழுகும் வீட்டுக்கு 8 ஆயிரம் என்றால், ஒழுகாத வீட்டுக்கு யாரும் 8 ஆயிரம் கேட்க மாட்டார்கள். ஆக, குடித்தனக்காரர் தன் கைக்காசைப் போட்டுத் தனக்குக் கட்டுப்படியாகாத வீடு ஒன்றைத் தயார் செய்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு இருந்தது 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம் அது. அதன் பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் தலையில் என்று அதில் பிரித்திருக்கிறார்கள்.

கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பிளக்கு, தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் அதன்படி.

தளம் ஒழுகினால் யார் பொறுப்பு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலையைக் குடித்தனக்காரர் செய்கிறார். செய்துவிட்டு, கழிவு கொடுத்ததற்கு நன்றியும் சொல்கிறார்!

வீட்டுக்காரர் ரிப்பேர் செய்யாவிட்டால் குடியிருப்பவரே செய்து வாடகையில் பிடித்துக்கொள்ளலாம் என்பது புது விஷயமும் அல்ல. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவிலேயே இருக்கிறது. வீட்டுக்காரருக்கு முதலில் தகவல் கொடுக்க வேண்டும். நியாயமான அவகாசம் தர வேண்டும். அப்புறமும் செய்யாவிட்டால் நாமே செய்து, செலவை வட்டியோடு கழித்துக்கொள்ளலாம். மத்திய அரசு 2021-ல் மாநிலங்களுக்காக வெளியிட்ட மாதிரிச் சட்டம், எந்த ஒரு மாசத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அது மாதிரிதான் என்றாலும், கணக்குப் பேசும்போது நல்ல அளவுகோல்.

தகவல் கொடுத்தேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே! அங்கேதான் இடிக்கிறது.

இரட்டைக் கத்தி

புதுச் சட்டத்தில் வாய்ப்பேச்சுக் குடித்தனத்துக்கு இடமே இல்லை. எல்லா வாடகைக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதற்காக நம் ஊரில் 11 மாச அக்ரிமெண்ட் போடும் பழக்கம் இருக்கிறதே, அந்த 11 மாசத்தையும் இந்தச் சட்டப்படி பதிவு செய்யத்தான் வேண்டும்.

ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். இரண்டு மாச வாடகை பாக்கி, கேட்டு நோட்டீஸ் கொடுத்து ஒரு மாசத்துக்குள் தீர்க்கவில்லை என்றால் அது இன்னொரு காரணம். வண்ணாரப்பேட்டைக் கொத்தனாரைப் பாருங்கள். 2019-ல் போட்ட 11 மாச அக்ரிமெண்டைப் புதுப்பிக்கவே இல்லை. நோட்டுப்படி 14 மாசம் குறைந்த வாடகை. இரண்டு பக்கமும் வெட்டு விழுகிறது.

அட்வான்சுக்கும் இந்தச் சட்டம் மூன்று மாச வாடகை என்று அளவு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. இவர் கொடுத்தது ஐந்து மாச வாடகை. சென்னையில் பத்து மாசம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது குறைவாகத்தான் தெரியும்.

தளத்தைப் பெயர்த்து எடுத்துப் போகலாமா? குடியிருக்கும்வரை, தான் பொருத்திய பொருளைக் கழற்றி எடுத்துக்கொள்ள அதே 108-வது பிரிவு வழி விடுகிறது. ஆனால் வீட்டை முன்பு இருந்த நிலையிலேயே விட்டுப் போக வேண்டும். ஃபேனைக் கழற்றலாம். கொசுவலைச் சட்டத்தைக் கழற்றலாம். ஜல்லியும் சுண்ணாம்புமாக ஒட்டிப்போன தளத்தைப் பெயர்த்தால் வீடு நிற்குமா? கீழே அவர் பிள்ளைகளே இருந்தார்கள்.

வீட்டுக்காரர்கள் புலம்பல்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கார அம்மா பொரிந்து தள்ளினார். "குழாய் ஒழுகுதுன்னாங்க, சரி பண்ணிக்கோங்கன்னேன். நான் ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாத்ரூம் முழுக்க டைல்ஸ் ஒட்டி, 60 ஆயிரம்னு பில்லை நீட்டறாங்க. அந்தக் கலரைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வருது. நாலு மாசமா வாடகை தரல. கேட்டா, கழியுதுங்கறாங்க" என்றார். டைல்சை நானும் பார்த்தேன். அம்மா சொன்னது பொய் இல்லை!

ரிப்பேர் வேறு, அலங்காரம் வேறு. கேட்காமல் செய்த அலங்காரத்துக்கு வீட்டுக்காரர் ஏன் காசு தர வேண்டும்? வயரிங், கட்டை மாற்றுவது போன்ற வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அரைகுறை வேலையால் ஷாக் அடித்தாலோ, தளம் இறங்கினாலோ யார் பதில் சொல்வது?

திருவல்லிக்கேணி நோட்டு

அதே ஊரில் இது ஒழுங்காக நடக்கும் வீடும் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. வீட்டுக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். முன் போர்ஷனில் ஒரு பெயிண்டர். வருஷம் ஒரு தடவை வீடு முழுவதும் வெள்ளையடிப்பது அவர் வேலை.

வாத்தியார் எனக்கு ஒரு 40 பக்க நோட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில், வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். என்ன வேலை, சாமான் செலவு உத்தேசம் எவ்வளவு, கூலி எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, மாசம் எவ்வளவு கழிப்பது, எந்த மாசத்தில் கழிவு முடியும் என்று எல்லாம் இருக்கிறது. கீழே இரண்டு பேர் கையெழுத்து. கடை பில்கள் குண்டூசி குத்தி இருக்கின்றன.

அதைவிட முக்கியம், மாசா மாசம் எழுதும் முறை. "வாடகை 7,500. பெயிண்ட் வேலைக் கழிவு 1,500. ரொக்கம் 6,000. கழிய வேண்டிய மீதி 4,500" என்று நாலு வரி. வண்ணாரப்பேட்டை நோட்டில் இருந்தது ஒரே வரி, "5,000 வரவு". வித்தியாசம் மூன்று வரிதான். அந்த மூன்று வரி இருந்திருந்தால் பெங்களூர் மகன் 42 ஆயிரம் பாக்கி என்று சொல்லியே இருக்க முடியாது.

"எழுதச் சொன்னா அவர் கோவிச்சுக்கலையா?" என்று பெயிண்டரைக் கேட்டேன். "வாத்தியாரு சார் அவரு. நான் எழுதலைன்னாதான் கோவிச்சுக்குவாரு" என்று சிரித்தார்.

ஜிபே, போன்பேயில் வாடகை அனுப்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத இடம் இருக்கிறதே, அதில் "வாடகை 8000, ரிப்பேர் கழிவு 3000" என்று அடித்தால் போதும். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாடகைக்கு ரசீது கேட்பது சட்டப்படி குடித்தனக்காரர் உரிமை. கோர்ட்டுக்குப் போக வசதி இல்லாதவர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு இலவச உதவி கேட்கலாம்.

கொத்தனார் என்ன ஆனார்?

தெருவில் உள்ள நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். சிமெண்டுக் கடை, ஓட்டுக் கடை பில்களைத் தேடியதில் 29 ஆயிரம் ரூபாய்க்குத்தான் கிடைத்தன. மற்றவை நனைந்து போனதோ, குப்பையில் போனதோ தெரியவில்லை. மகன் அந்த 29 ஆயிரத்தை ஒப்புக்கொண்டார். பாக்கி 42-ல் அது போக 13. அட்வான்ஸ் 40-ல் 13 போக, 27 ஆயிரத்தைக் கையில் கொடுத்தார். 16 நாள் கூலி பற்றி யாரும் பேசவில்லை. கொத்தனாரும் கேட்கவில்லை. பெயர்த்த ஓடு ஏழையும் திரும்பப் பதித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். பதித்துக் கொடுத்தார்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பம் வியாசர்பாடிக்குக் குடி போய்விட்டது.

போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசலில் "வீடு வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. புரோக்கரைக் கேட்டேன். வாடகை 12,500 என்றார். "தைரியமா வாங்க சார். தளம் புதுசா போட்டது. எவ்ளோ மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு ஒழுகாது" என்றார்.